லூசில் பால்: ஐ லவ் லூசிக்கு முந்தைய பதினெட்டு வருடங்கள்

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பாலையும், அவர் நடித்த தொலைக்காட்சித் தொடரான ஐ லவ் லூசியையும் பற்றி நீங்கள் கேட்டது இது: "லூசில் பாலை நடிப்புப் பள்ளியிலிருந்து விரட்டிவிட்டார்கள், நாற்பது வயது வரைக்கும் தோல்வி மேல் தோல்வி, அப்புறம் ஐ லவ் லூசி என்ற ஒரே தொடரால் ஒரே ராத்திரியில் நட்சத்திரமாகிவிட்டார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இதில் எவ்வளவு நிஜம்?" கேள்வியை இரண்டு தடவை படித்த பிறகு, நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது வேறு என்று தோன்றியது. அந்த வீடியோவில் தொடக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. பதினைந்து வயதில் விரட்டப்பட்ட ஒரு பெண் நாற்பது வயதில் திடீரென்று எழுந்து நிற்கிறாள் என்றால் நடுவில் இருபத்தைந்து வருடம் என்ன செய்துகொண்டிருந்தாள்? உங்கள் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது, சந்தேகப்படுவதும் சரிதான். சுருக்கமாகச் சொன்னால், விரட்டப்பட்டது ஏறக்குறைய நிஜம், ஒரே ராத்திரி என்பது பொய், தோல்வி மேல் தோல்வி என்பது பார்க்கிறவர் பார்வையைப் பொறுத்தது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

நான் வரலாற்று ஆசிரியர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவன், அதில் பாதிக்கு மேல் பல கேமரா வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடர்கள். ஒரு சிரிப்பு எந்த ஃப்ரேமில் தொடங்குகிறது, அடுத்த வசனத்தை எத்தனை ஃப்ரேம் தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. அந்தத் தொழிலில் இருக்கிறவன் என்றைக்காவது ஒருநாள் லூசில் பாலிடம் வந்து சேர்ந்துதான் ஆக வேண்டும். அப்படி வந்த பிறகு அவரைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாறுகளையும், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து 1996-ல் வெளியான சுயசரிதையையும் படித்தேன். படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன்: லூசில் பால் நல்ல கதைசொல்லி. நல்ல கதைசொல்லி தன் வாழ்க்கையைச் சொல்லும்போது ஓரங்களைக் கொஞ்சம் மெருகேற்றத்தான் செய்வார். அதனால் அவர் வாயால் மட்டும் வந்தது எது, வேறு சாட்சியும் இருப்பது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

பிறந்தது 1911 ஆகஸ்ட் 6, நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில். பழைய சினிமாப் பத்திரிகைகளில் மொன்டானா மாநிலத்தின் ப்யூட் நகரத்தில் பிறந்தவர் என்று இருக்கும். அது தவறு, அந்தத் தவறுக்கு அவரே உடந்தை. அப்பா ஹென்றி பால் தொலைபேசிக் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுக்கும் வேலை பார்த்தவர். வேலை போகிற இடத்துக்கெல்லாம் குடும்பமும் போயிற்று, அப்படிச் சில காலம் மொன்டானாவில் இருந்திருக்கிறார்கள். கௌபாய் நாட்டில் பிறந்தேன் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது என்று பின்னாளில் நடிகை அதைப் பிடித்துக்கொண்டார், ஸ்டுடியோ விளம்பரத் துறையும் அப்படியே அச்சடித்துவிட்டது.

1915 பிப்ரவரியில், குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தபோது அப்பா டைஃபாய்டில் இறந்தார். லூசிலுக்கு மூன்றரை வயது. அம்மா டிடி அப்போது வயிற்றில் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு பறவை வீட்டுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டதாகவும், சுவரிலிருந்து ஒரு படம் விழுந்ததாகவும், அப்போதிருந்து பறவை என்றாலே தனக்குப் பயம் என்றும் லூசில் சொல்வார். மூன்றரை வயது நினைவு, அதனால் விழுந்த படத்துக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். ஆனால் பறவைப் பயம் மட்டும் நிஜம். பெரிய நட்சத்திரமான பிறகும் பறவைப் படம் மாட்டிய ஹோட்டல் அறையில் தங்க மாட்டார்.

அம்மா மறுமணம் செய்துகொண்டார். அம்மாவும் மாற்றாந்தகப்பனும் வேலை தேடி வெளியூர் போன காலத்தில், சிறுமி லூசில் மாற்றாந்தகப்பனைப் பெற்றவர்கள் வீட்டில் வளர்ந்தாள். ஸ்வீடனிலிருந்து வந்த, மதக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். அந்த வீட்டில் குளியலறையைத் தவிர வேறெங்கும் கண்ணாடி கிடையாது, அதிலும் நின்று முகம் பார்த்தால் திட்டு விழும். இதுவும் அவர் சொன்ன கதைதான். ஆனால் இதை நம்புகிறேன், ஏனென்றால் இந்தக் கதையால் அவருக்கு எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை. பிறகு தாய்வழித் தாத்தா ஃப்ரெட் ஹன்ட் வீட்டுக்கு, ஜேம்ஸ்டவுனை ஒட்டியிருக்கும் செலரான் என்ற ஏரிக்கரை ஊருக்கு வந்தார்கள். அங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. தாத்தா பேத்தியை அடிக்கடி வாட்வில் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப்போவார். பாட்டு, நடனம், கோமாளித்தனம், வித்தை எல்லாம் கலந்த மேடை அது. மாற்றாந்தகப்பன் தன் சங்கத்து நிகழ்ச்சிக்கு நடனமாடப் பெண்கள் தேவை என்றதும் பன்னிரண்டு வயது லூசிலை மேடையேற்றினார். தன்னைக் கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட குழந்தைக்கு, ஒரு கூட்டமே தன்னைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பேன்.

சரி, நடிப்புப் பள்ளிக்கு வருவோம். 1926-ல், பதினைந்து வயதில், அம்மா அவரை நியூயார்க்கில் ஜான் முர்ரே ஆண்டர்சன் நடத்திய பள்ளியில் சேர்த்தார். அதே சமயம் அங்கே படித்தவர்களில், பின்னாளில் பெரிய ஹாலிவுட் நட்சத்திரமான பெட் டேவிஸ் ஒருவர். பெட் டேவிஸ் ஜொலித்தார். ஊரிலிருந்து வந்த இந்தப் பெண்ணுக்கு வாயைத் திறக்கவே பயம். சில வாரங்களில், இவளுக்காகப் பணம் செலவழிப்பது வீண் என்று பள்ளி அம்மாவிடம் தெரிவித்தது. இதுவரை சந்தேகமில்லை. அந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டது பயப்படுவதை மட்டும்தான் என்று பின்னாளில் அவரே சொல்வார். ஆனால் இணையத்தில் அந்தக் கடிதத்தின் வாசகம் என்று விதவிதமாகச் சுற்றுகிறதே, வேறு வேலை ஏதாவது பார்க்கச் சொல்லுங்கள் என்பது மாதிரி, அதை நம்பாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வாசகமாக இருப்பதே போதுமான எச்சரிக்கை. அது போக, விரட்டியது அவ்வளவு பெரிய அநியாயமும் இல்லை. பதினைந்து வயதில் அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. பள்ளி அந்த நேரத்தில் எதைப் பார்த்ததோ அதைத்தான் சொன்னது.

பள்ளியைவிட அவரை அதிகம் புரட்டிப்போட்டது வேறொரு சம்பவம், வீடியோக்காரர்கள் அதைத் தொடுவதேயில்லை. 1927 கோடையில் தாத்தா, லூசிலின் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு .22 துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பின்முற்றத்தில் குறிபார்த்துச் சுடப் பழகும்போது, அங்கே விளையாட வந்திருந்த ஒரு சிறுமியின் கையில் துப்பாக்கி இருந்த நேரம், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் குறுக்கே ஓடினான். குண்டு முதுகுத்தண்டில் பாய்ந்து அவன் நடக்க முடியாமல் போனான். வழக்கு தாத்தா மேல் வந்தது. வீடு போயிற்று, சேமிப்பு போயிற்று, குடும்பம் சிதறியது. தாத்தா அதன் பிறகு பழைய மனிதராக இல்லை. லூசில் திரும்பவும் நியூயார்க்குக்குப் போனதை லட்சியப் பயணம் என்று எழுதுகிறார்கள். திரும்பி வர வீடு இல்லாத பெண்ணின் பயணம் அது.

நியூயார்க்கில் ஹாட்டி கார்னகி என்ற புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளரின் கடையில் மாடலாக நின்றார். பணக்கார வாடிக்கையாளர்கள் முன்னால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது உடைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும் வேலை அது. உடையோடு எப்படி நடப்பது, எப்படித் திரும்புவது, எங்கே நிற்பது எல்லாம் அங்கே படிந்தது. டயேன் பெல்மான்ட் என்று கொஞ்ச காலம் பெயரைக்கூட மாற்றி வைத்துக்கொண்டார். நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைகளில் கூட்டமாக ஆடும் கோரஸ் வரிசைகளில் எடுத்தார்கள், ஒத்திகையிலேயே அனுப்பினார்கள், திரும்ப எடுத்தார்கள், திரும்ப அனுப்பினார்கள். இடையில் ஒரு நோய் வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் முடக்கிப் போட்டது. முடக்குவாதம் என்று அவர் சொன்னார், வாதக் காய்ச்சலாக இருக்கலாம் என்று எழுதியவர்களும் உண்டு. கால்களில் வலி, ஊருக்குத் திரும்பி அம்மாவோடு இருந்தார், மெல்ல எழுந்து நடந்தார் என்பது வரை எடுத்துக்கொள்ளலாம். நோயின் பெயரில் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

1933-ல் எட்டி கேன்டர் நடித்த ரோமன் ஸ்கேண்டல்ஸ் படத்துக்கு அழகிகள் கூட்டம் தேவைப்பட்டது, தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின். கடைசி நேரத்தில் ஒரு பெண் வர முடியாமல் போக, அந்த இடத்தில் லூசில் ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். படத்தில் அவர் பெயர் கிடையாது, வசனமும் இல்லாத மாதிரிதான். அந்தப் படத்தில் ஒரு பெண்ணின் முகத்தில் சேறு அடிக்க வேண்டியிருந்தது, மற்ற அழகிகள் எல்லாம் பின்வாங்க இவர் மட்டும் முன்னே வந்தார், அதைப் பார்த்த நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி இந்தப் பெண்தான் முன்னுக்கு வருவாள் என்றார் என்று ஒரு கதை. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற கதையை நான் ஒரு அடி தள்ளி நின்றுதான் பார்ப்பேன். ஆனால் கதைக்குள் இருக்கும் குணம் நிஜம். அழகாகத் தெரிய வேண்டிய இடத்தில் அசிங்கமாகத் தெரியத் தயாராக இருக்கும் அழகான பெண் அன்றைய ஹாலிவுட்டில் அபூர்வம்.

இனி வருவதுதான் வீடியோ தாண்டிக் குதித்த பகுதி. 1934-ல் கொலம்பியா ஸ்டுடியோவில் கொஞ்ச காலம் இருந்தார், த்ரீ ஸ்டூஜஸ் கோமாளிகளோடு ஒரு குறும்படம் செய்தார், பிறகு ஆட்குறைப்பில் வெளியே வந்தார். உடனே ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் வாரம் 50 டாலருக்குச் சேர்ந்தார். 1935-ல் வந்த டாப் ஹாட் படத்தில் பூக்கடையில் நிற்கும் பெண் அவர்தான், கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடுவீர்கள். அந்த ஸ்டுடியோவில் நட்சத்திர நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸின் தாயார் லீலா ரோஜர்ஸ் இளம் நடிகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். நாடகப் பள்ளியில் வாய் திறக்காத அதே பெண் இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்தார். 1937-ல் கேதரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ரோஜர்ஸ் நடித்த ஸ்டேஜ் டோர் வந்தது. அதில் இவருக்கு நல்ல வேடம், வசனத்தை அவர் வீசுகிற வேகத்தைக் கவனியுங்கள். 1938-ல் மார்க்ஸ் சகோதரர்களோடு ரூம் சர்வீஸ். அதே வருடம் தி அஃபேர்ஸ் ஆஃப் அன்னபெல் படத்தில் கதாநாயகி. 1940-ல் டாரதி ஆர்ஸ்னர் இயக்கிய டான்ஸ், கேர்ள், டான்ஸ். 1942-ல் ஹென்றி ஃபோண்டாவோடு தி பிக் ஸ்ட்ரீட், கால் முடங்கிய, சுயநலம் பிடித்த பாடகி வேடம். அதைப் பார்த்தவர்கள் இவரை வெறும் கோமாளி என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

இது தோல்வியா? ஹாலிவுட் இவருக்கு வைத்த பட்டம் 'பி படங்களின் ராணி'. ஒரே டிக்கெட்டில் பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டும் சின்னப் பட்ஜெட் படங்களின் நாயகி என்று அர்த்தம். கேலி கலந்த பட்டம்தான். ஆனால் பொருளாதார மந்தத்தில் ஊரே வேலையில்லாமல் திரிந்த காலத்தில் மாதா மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அம்மா, தம்பி, தாத்தா எல்லோரையும் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்துக் காப்பாற்றிய ஒரு பெண்ணைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வருவார்கள், எந்த வேடம் கொடுத்தாலும் செய்வார்கள், யூனிட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் அவரை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. லூசிலின் பிரச்சினை திறமைக் குறைவு இல்லை. அழகி வரிசையில் வைத்தால் வாய் அதிகம், கோமாளி வரிசையில் வைத்தால் அழகு அதிகம். எந்த அலமாரியில் அடுக்குவது என்று தெரியாமல் ஸ்டுடியோக்கள் திணறின.

பிறகு எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்டுடியோ. 1943-ல் டுபாரி வாஸ் எ லேடி. அங்கே சிகை அலங்கார நிபுணர் சிட்னி கில்லராஃப் அவர் தலைமுடியைப் பளீர் செந்நிறமாக்கினார். இயற்கையில் பழுப்பு நிறம், நடுவில் பல வருடம் பொன்னிறம். உலகம் முழுவதும் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்துவிட்டு 'செந்தலை லூசி' என்று சொன்னது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கும். எம்.ஜி.எம்.மில் கிடைத்த நிஜமான சொத்து முடியின் நிறம் இல்லை. மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் அப்போது அதே ஸ்டுடியோவில், கிட்டத்தட்ட எல்லோராலும் மறக்கப்பட்டு, நகைச்சுவைக் காட்சிகளுக்கு யோசனை சொல்கிறவராகச் சம்பளத்தில் இருந்தார். அவரும் இயக்குநர் எட்வர்ட் செட்ஜ்விக்கும் இந்தப் பெண்ணிடம் என்னவோ இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். கையில் எடுக்கும் பொருளை, அது தொப்பியோ தட்டோ, எப்படிக் கையாள்வது, வேடிக்கை நடக்கும்போது பொருள் சொன்னபடி கேட்க எத்தனை தடவை பழக வேண்டும் என்பதைக் கீட்டன் சொல்லிக்கொடுத்தார். பின்னால் ஒவ்வொரு வாரமும் படப்பிடிப்புக்கு முன் லூசில் ஒவ்வொரு பொருளையும் தானே தொட்டுப் பார்த்துப் பழகுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

அந்தக் காலத்தைச் சேர்ந்த இன்னொரு கதையும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். போர்க்காலத்தில் காரில் போகும்போது அவருடைய பல் அடைப்பில் ரேடியோ கேட்டதாம், அதை வைத்து ஜப்பானிய உளவாளி பிடிபட்டாராம். அவரே தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார், சொன்ன விதம் அருமை. அப்படி ஒரு கைது நடந்ததற்கான ஆதாரத்தை இதுவரை யாரும் காட்டியதில்லை. பேட்டியை ரசியுங்கள், வரலாற்றில் சேர்க்காதீர்கள்.

1940-ல் டூ மெனி கேர்ள்ஸ் படத்தில் டெசி ஆர்னாஸைச் சந்தித்தார். கியூபாவில் வசதியான அரசியல் குடும்பத்தில் பிறந்து, 1933 புரட்சியில் எல்லாவற்றையும் இழந்து அமெரிக்கா வந்தவர், இசைக்குழு நடத்துபவர், லூசிலைவிட ஏறக்குறைய ஆறு வயது இளையவர். அதே வருடம் நவம்பர் 30 அன்று திருமணம். அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுவார், இவர் ஹாலிவுட்டில் காலையில் ஸ்டுடியோவுக்குப் போவார். வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதே அபூர்வம். இந்தச் சங்கடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தொலைக்காட்சி வரலாறே இதன் மேல்தான் திரும்பும்.

1948-ல் சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் மை ஃபேவரிட் ஹஸ்பண்ட் என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. கோணலாக யோசிக்கும் மனைவி, பொறுமையான வங்கி அதிகாரி கணவன். கணவனாக ரிச்சர்ட் டென்னிங். பெரும்பாலும் எழுதியவர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கேரல். இந்த மூன்று பெயர்களை மறக்காதீர்கள், ஐ லவ் லூசியைத் தொடங்கி எழுதியதும் இதே மூவர்தான். வானொலி நாடகம் பார்வையாளர்கள் முன்னிலையில் நடக்கும். எதிரே ஆட்கள் உட்கார்ந்தால் லூசில் வேறு ஆளாகிவிடுகிறார் என்பதை ஓப்பன்ஹைமர் கவனித்தார். ஆனால் லூசில் கையில் இருந்த எழுத்துப்பிரதியை விட்டுக் கண் எடுக்கமாட்டார். ஒருநாள் ஓப்பன்ஹைமர் அவர் கையில் நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சிக்கு டிக்கெட்டைக் கொடுத்து, போய்ப் படித்துவிட்டு வா என்கிற மாதிரி அனுப்பினார். பென்னி மைக் முன்னால் நின்று முகத்தாலும் உடம்பாலும் எதிரே இருப்பவர்களைச் சிரிக்க வைப்பார். வானொலியில் கேட்கிறவருக்கு அந்த முகம் தெரியாது, அந்தச் சிரிப்பு தெரியும். லூசில் பார்த்துவிட்டு வந்தார். அடுத்து வந்த வாரங்களில் வானொலிக்காக உடம்பால் நடிக்கத் தொடங்கினார். என் கணக்கில் லூசி பிறந்தது இந்த இடத்தில், 37 வயதில், படமே தெரியாத ஒரு ஊடகத்தில்.

சி.பி.எஸ். இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக நினைத்தபோது லூசில் ஒரு நிபந்தனை வைத்தார்: கணவனாக டெசி நடிக்க வேண்டும். கலையை முன்னிட்டு வைத்த நிபந்தனை இல்லை அது, கணவர் ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கியூபா உச்சரிப்போடு ஒரு ஆள் அமெரிக்கப் பெண்ணின் கணவன் என்றால் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். சரி, ஜனங்களிடமே கேட்டுவிடலாம் என்று இருவரும் 1950-ல் மேடை நிகழ்ச்சியாக ஊர் ஊராகப் போனார்கள். ஸ்பெயினில் பிறந்த கோமாளி பெப்பீட்டோ அவர்களுக்குச் செலோ வாத்தியத்தை வைத்து ஒரு வேடிக்கைக் காட்சி கற்றுக்கொடுத்தார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1951 மார்ச் 2, டெசியின் 34-வது பிறந்தநாள் அன்று, முன்னோட்ட எபிசோட் எடுக்கப்பட்டது. லூசில் அப்போது கர்ப்பிணி, மகள் லூசி ஜூலை 17 அன்று பிறந்தாள். அந்த முன்னோட்டம் தொலைந்துவிட்டது என்றே பல வருடம் நினைத்திருந்தார்கள். கடைசியில் பெப்பீட்டோவின் மனைவியிடம் ஒரு பிரதி இருந்தது, 1990-ல் ஒளிபரப்பினார்கள்.

அடுத்தது என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது பெரிய நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். நேரலை எட்டாத ஊர்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே ஃபிலிம் கேமராவால் படம் பிடித்து அனுப்புவார்கள். அதற்குக் கினஸ்கோப் என்று பெயர், பார்த்தால் கஞ்சியில் மிதக்கிற மாதிரி இருக்கும். தொடருக்குப் பணம் போட்ட பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி, பெருவாரியான பார்வையாளர்கள் கிழக்கே இருப்பதால் நியூயார்க்குக்கு வந்து எடுங்கள் என்றது. கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வர முடியாது என்றார்கள் இவர்கள். அப்படியானால் ஹாலிவுட்டிலேயே நல்ல 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்போம், எல்லா ஊருக்கும் ஒரே தரம் கிடைக்கும் என்று முடிவானது. செலவு கூடுகிறதே? சம்பளத்தில் வாரம் 1,000 டாலர் குறைத்துக்கொள்கிறோம், பதிலுக்கு அந்த ஃபிலிம்கள் எங்களுக்குச் சொந்தமாக இருக்கட்டும் என்றது டெசி, லூசில் நிறுவனமான டெசிலு. ஒளிபரப்பான நிகழ்ச்சியை இரண்டாவது தடவை யார் பார்ப்பார்கள் என்று சி.பி.எஸ். நினைத்தது போலிருக்கிறது, கொடுத்துவிட்டது. சில வருடம் கழித்து அந்த உரிமையைப் பல லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

டெசி ஆர்னாஸ் மூன்று கேமரா முறையைக் கண்டுபிடித்தார் என்று பரவலாக எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பல ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டும் சோதனைகள் அதற்கு முன்பே தொலைக்காட்சியில் நடந்தன, அதில் அனுபவம் இருந்த ஆல் சைமனைத்தான் இவர்கள் வேலைக்குச் சேர்த்தார்கள். இவர்கள் செய்தது, ஒரு நகைச்சுவைக் கதையை, நிஜப் பார்வையாளர்கள் முன்னால், ஃபிலிமில், வாரா வாரம் எடுக்க முடியும் என்று நிரூபித்தது. மெட்ரோபோலிஸ் என்ற புகழ்பெற்ற மௌனப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஜெர்மானியர் கார்ல் ஃப்ராய்ண்ட், மூன்று கேமராவுக்கும் ஒரே லைட்டிங் பொருந்தும்படி விளக்குகளை மேலே தொங்கவிட்டார். எடிட்டர் டான் கான், மூன்று படச் சுருளும் ஒரு ஒலிச் சுருளும் ஒன்றாக ஓடும் மூவியோலா இயந்திரத்தில் உட்கார்ந்தார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மான்ஸ்டர்'. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இரண்டு கேமரா ஃபிலிமை ஒத்திசைத்துப் பார்ப்பதற்கே விரல் நோகும், மூன்றை முதல்முறையாக ஓட்டியவரை நினைத்தால் கும்பிடத் தோன்றும்.

1951 அக்டோபர் 15 திங்கட்கிழமை இரவு முதல் எபிசோட் ஒளிபரப்பானது. லூசிலுக்கு வயது 40. சில மாதத்தில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. 1957 வரை 180 எபிசோட்.

1933-ல் ஹாலிவுட்டுக்கு வந்ததிலிருந்து கழிந்த அந்தப் பதினெட்டு வருடம் எங்கே போயிற்று என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் 1952 மே மாதம் வந்த டானிக் விளம்பர எபிசோடைப் போட்டுப் பாருங்கள். வைட்டமின், இறைச்சி, காய்கறி, தாதுப்பொருள் எல்லாம் கலந்த ஒரு டானிக்குக்கு விளம்பரப் பெண்ணாக லூசி ஒத்திகை பார்க்கிறாள். அதில் சாராயம் கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கரண்டி குடிக்க வேண்டும். முதல் கரண்டி வாய்க்குள் போனதும் முகத்தைக் கவனியுங்கள். கண், மூக்கு, தொண்டை எல்லாம் எதிர்க்கின்றன, உதடு மட்டும் விளம்பரத்துக்காகச் சிரிக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒரே முகத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் போதை ஒரு படிதான் ஏறும், இரண்டு படி ஏறவே ஏறாது. நாக்கு முதலில் குழறும், பிறகு புட்டியும் கரண்டியும் சொன்னபடி கேட்காது, கடைசியில் கரண்டியே தேவைப்படாது. பொருளைக் கையாளும் விதம் கீட்டனிடம் வந்தது. நிற்கிற தோரணை, அந்த நிமிர்ந்த தோள், ஹாட்டி கார்னகி கடையில் வந்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அடுத்த வார்த்தையை வைக்கிற நிதானம் வானொலியில் வந்தது. நான் மாணவர்களுக்கு இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டும்போது ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை ஓட்டுவேன். ஒலி இல்லாமலும் சிரிப்பார்கள். அந்தப் புட்டிக்குள் இருந்தது ஆப்பிளிலிருந்து எடுத்த பெக்டின் என்பது கூடுதல் செய்தி.

புகழ் வந்த பிறகு நடந்தவை உங்கள் கேள்விக்கு வெளியே என்பதால் வேகமாகச் சொல்கிறேன். 1953 ஜனவரி 19 அன்று கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்த எபிசோடை ஏறக்குறைய 4.4 கோடி பேர் பார்த்தார்கள், அன்றைக்கே நிஜத்திலும் அவருக்கு மகன் பிறந்தான். அந்தத் தொடர் வரிசை முழுக்க 'கர்ப்பம்' என்பதற்கான நேரடி ஆங்கிலச் சொல்லைச் சொல்ல அனுமதி இல்லை. அதே வருடம் செப்டம்பரில், 1936-ல் கம்யூனிஸ்ட் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்தார் என்ற செய்தி வெடித்தது. பதிவு செய்தது நிஜம், தொழிலாளர் அனுதாபியான தாத்தாவின் மனம் கோணாமல் இருக்க அப்படிச் செய்தேன் என்று விசாரணையில் சொன்னார், விஷயம் அத்தோடு அடங்கியது. வீட்டை இழந்த அந்தத் தாத்தாவேதான். 1957-ல் டெசிலு, ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவை 60 லட்சம் டாலருக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியது. வாரம் 50 டாலருக்கு நின்ற அதே இடம். 1960-ல் விவாகரத்து. 1962-ல் டெசியின் பங்கை வாங்கி, பெரிய தொலைக்காட்சி ஸ்டுடியோ ஒன்றின் தலைமையில் உட்கார்ந்த முதல் பெண்ணானார். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடர் அவர் நிறுவனத்தில்தான் உருவானது. கணவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு ஸ்டுடியோவைக் கொடுத்தது, கணவரைத் தக்கவைக்கவில்லை.

கடைசியாக ஒரு யோசனை. ஒரே ராத்திரிக் கதையை நம்பும் யாராவது கிடைத்தால் வாதாட வேண்டாம். மை ஃபேவரிட் ஹஸ்பண்ட் வானொலிப் பதிவுகள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன, தேடினால் கேட்கக் கிடைக்கும். ஐ லவ் லூசியின் ஆரம்ப எபிசோட்கள் பலவற்றை அந்த மூவரும் தங்கள் பழைய வானொலிப் பிரதிகளிலிருந்துதான் திருத்தி எழுதினார்கள். முதல் வருடத்துப் பதிவு ஒன்றையும் மூன்றாவது வருடத்துப் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வசனம் இல்லாத இடத்திலும் கூட்டம் சிரிக்கத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அவர் மைக் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பதிவில் இல்லை.